வழுக்கு நிலமும் ஊன்றுகோலும்: முதியோர் நடைத்துணைக் கருவிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

திருக்குறளிலே கேள்வி என்னும் அதிகாரத்தில் ஊன்றுகோல் பற்றிய ஓர் உவமை உண்டு. ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல், வழுக்கும் இடத்திலே நடப்பவனுக்கு உதவும் ஊற்றுக்கோல் போன்றது என்பது அக்குறளின் (415) கருத்து. பரிமேலழகர் அவ்விடத்தைச் சேற்று நிலம் என விளக்குவார். உவமேயத்தைத் தேடி விரையும் நம் மாணவர் உவமானத்தின் முன்னே நிற்பதில்லை. சற்று நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கோலூன்றி நடப்பவன் முதியவன் என்று வள்ளுவர் கூறவில்லை. நோயாளி என்றும் கூறவில்லை. அவன் யாராகவும் இருக்கலாம். கோலைத் தேவையாக்குவது அவனுடைய வயதன்று. அவன் காலின் கீழுள்ள நிலம்.

முதியோர்க்கான நடைத்துணைக் கருவிகள் பற்றி இன்று எழுதப்படுவனவும் பேசப்படுவனவும் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையிலேயே செல்கின்றன. அவை உடலிலிருந்து தொடங்குகின்றன. எந்த மூட்டு தேய்ந்தது, எந்தத் தசை தளர்ந்தது, எத்தனை கால்களையுடைய சட்டம் அவ்வுடலைத் தாங்கும் என்று ஆராய்கின்றன. இவை வேண்டிய ஆராய்ச்சிகளே. ஆயினும் அவ்வுடல் எந்த நிலத்திலே நடக்கப் போகிறது என்ற வினா அங்கே எழுவதேயில்லை. விடை முன்னரே முடிவாகிவிட்டது என்பதே அதற்குக் காரணம். வைத்தியசாலையின் நீண்ட, சமனான, உலர்ந்த சீமெந்துத் தரைதான் அந்த விடை.

இவ்வுண்மை எமக்கு விளங்கியது நூலகத்திலே அன்று. கொத்மலைப் பகுதியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலேயாகும். எம் அப்பாயி எண்பது வயதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் மழைநாளொன்றிலே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, வைத்தியசாலையிலே பல வாரம் கிடந்து மீண்டார். வீடு திரும்பியபோது அறப்பணி அமைப்பொன்று நான்கு கால்களையுடைய அலுமினியச் சட்டமொன்றை வழங்கியது. ஆறு மாதங்கழித்துச் சென்று பார்த்தபோது அச்சட்டம் இஸ்தோப்பின் மூலையிலே நின்றது. அதன்மேல் கம்பளி காய்ந்தது. கீழே கோழிக்கூடை இருந்தது. அப்பாயியின் கையிலோ தோளுயரக் கொய்யாக்கம்பொன்று இருந்தது. ஏன் அதனைப் பயன்படுத்தவில்லை என்று கேட்டோம். "அது ஆசுபத்திரித் தரைக்கு நல்லாத்தான் இருந்துச்சு ராசா. அத வச்சிக்கிட்டு பீலிக்கு எறங்க முடியுமா?" என்றார்.

வயதானோரின் பிடிவாதம் என்று இதனைத் தள்ளிவிடலாம். எம் வீட்டாரும் அவ்வாறே தள்ளினர். உண்மையில் அது ஒரு கருவியைப் பற்றிய செம்மையான விமர்சனம். இக்கட்டுரை அதற்கு எழுதப்படும் உரை என்றே கொள்ளத்தக்கது.

முதலில் நிலத்தை நோக்குவோம். நுவரெலியா மாவட்டத்தின் வடமேற்கே கொத்மலை ஓயாவின் இருமருங்கும் எழும் சரிவுகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்வன. வைகாசியிலே தொடங்கும் மழை பல மாதம் நின்று பெய்யும். மண் களிப்பானது, கல்லிலும் சீமெந்திலும் பாசி படரும். 1820களிலே மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டார். பின்னர் வந்த ஆண்டுகளில் இச்சரிவுகள் தேயிலை மலைகளாயின. லயங்கள் எங்கே எழவேண்டும் என்பதை முடிவு செய்தது குடியிருப்போரின் வசதியன்று. பயிருக்குக் கொடுத்தது போக எஞ்சிய நிலத்திலே, பிரட்டுக்களத்துக்கு ஆட்கள் காலத்தே வந்து சேரத்தக்க தொலைவிலே அவை எழுந்தன. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள். முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அதற்கப்பால் மழைநீர் ஓடும் கான். கானைக் கடக்க ஒரு பலகை அல்லது கல்.

வண்டிகள் செல்லும் பாதை வளைந்து வளைந்து ஏறும். மனிதர் செல்லும் குறுக்கு நேரே ஏறும். குறுக்கின் படிகள் மண்ணிலே வெட்டி விளிம்பிலே கல் வைத்தவை. சில இடங்களிற் சீமெந்து பூசியவை. ஒருபடி அரையடி உயரமாயின் அடுத்தது ஓரடியை நெருங்கும். பாதம் முழுதாகப் பதிய இடமில்லாத படிகளும் பல. பீலி கீழே இருக்கும். கோயில் மேலே இருக்கும். கழிப்பறை லயத்தின் கோடியிலோ அதற்கப்பாலோ இருக்கும். பஸ் நிற்கும் இடம் இவை யாவற்றுக்கும் அப்பால். ஒரு நாளின் அன்றாடத் தேவைகளுக்கே ஒருவர் பலமுறை ஏறி இறங்க வேண்டும். இப்பாதைகளை அமைத்தோரின் மனத்திலே முதியவர் என்றொருவர் இருந்ததில்லை. உழைக்கும் உடலுக்கென்றே அமைந்த குடியிருப்பு அது. உழைப்பு ஓய்ந்த பின்னும் அவ்வுடல் அங்கேயே வாழும் என்பது திட்டத்தில் இடம்பெறவில்லை.

ஆனால் வாழ்கிறது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலும் பணிக்கொடைச் சட்டம் 1983இலும் வந்தன. அப்பணத்தைப் பெற்றவர் அதைக் கொண்டு சமவெளியிலே வீடு வாங்கிச் சென்றுவிடுவதில்லை. அது கடனுக்கும் கலியாணத்துக்கும் போக, மகனோ மகளோ பெயர் பதிந்திருக்கும் அதே லயத்தில் அவர் முதுமையடைகிறார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவ்வீதம் அதன்பின் உயர்ந்தே வந்துள்ளது. பிள்ளைகளை முதுமையின் ஊன்றுகோல் என்று கூறுவது நம் வழக்கு. அவ்வூன்றுகோல்கள் பெரும்பாலும் கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கின்றன, தீபாவளிக்கு வருகின்றன. உருவகம் வலுப்பெற்ற அளவுக்கு உண்மைக் கோலைப் பற்றிய சிந்தனை நம்மிடம் மெலிந்து போயிற்றோ என்று எண்ண வேண்டியிருக்கிறது.

மற்றொன்றும் மனங்கொளத்தக்கது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் பாரம் நெற்றியிலே தொடுத்த கயிற்றால் முதுகிலே தொங்கும். இரு கைகளும் கொழுந்துக்கு உரியவை. தேயிலையின் மேல்மட்டத்தைச் சமமாக வைக்க மட்டக்கம்பை எடுத்து வைத்து மறுகணமே கை கொழுந்துக்குத் திரும்பும். முப்பது நாற்பது ஆண்டுகள் அச்சரிவுகளிலே அவர் நடந்தது கைகளை ஒன்றிலும் ஊன்றாமல், பாதத்தையும் இடுப்பையும் மட்டும் நம்பியே. முதுமையிலும் அக்கைகள் ஓய்வதில்லை. குடமோ விறகோ பேரப்பிள்ளையோ ஒரு கையில் இருக்கும். அத்தகைய பெண்ணிடம் நாற்காற் சட்டத்தைக் கொடுத்து, இரு கைகளையும் இதற்கே தா என்று கேட்கிறோம். நடைக்கு ஈடாக அவருடைய வாழ்வின் மற்றெல்லாக் காரியங்களையும் கேட்கிறோம் என்பதை நாம் உணர்வதில்லை.

இனி அச்சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கலாம். இங்கிலாந்தின் ஸ்ரெற்போட் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் கிறிப்ஸ் றொப் என்பவர் 1949இலே பிரித்தானியாவில் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1953இலே ஐக்கிய அமெரிக்காவின் காப்புரிமையையும் பெற்றார். தூக்கி வைத்து, உள்ளே அடியெடுத்து வைத்து, மீண்டும் தூக்கி வைக்கும் நடை அது. நான்கு கால்களும் ஒரே தளத்திலே பதிந்தால் அது உறுதியானது. விழுந்தெழுந்து முதலடி வைக்கும் நோயாளிக்கு அதைவிட நம்பகமான துணை இல்லை என்று உடற்பயிற்சி வைத்தியர் கூறுவர், அதனை மறுப்பதற்கில்லை. எம் அப்பாயியும் வைத்தியசாலையிலே அதனாலேயே நடந்தார். ஆனால் நான்கு கால்கள் ஒரே தளத்திலே பதிய, முதலில் ஒரு தளம் இருக்கவேண்டும். சட்டத்தின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஓரடிக்கு மேற்பட்ட தூரம் உண்டு. பாதமே முழுதாகப் பதியாத குறுக்குப் படியிலே அது எவ்வாறு நிற்கும்? முன்கால்கள் ஒரு படியிலும் பின்கால்கள் மறுபடியிலுமாகச் சட்டம் முன்னே சாயும். அதைப் பற்றியவரும் சாய்வார்.

உருளைகள் பொருத்திய நடைவண்டி பற்றியும் இங்கே கூறவேண்டும். ஏனெனில் அதன் வரலாறு கொத்மலையை எதிர்பாராத வகையிலே தொட்டுச் செல்கிறது. அதனை 1978இலே உருவாக்கியவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஐனா விபாக் என்னும் பெண்மணி. இளம்பிள்ளைவாதத்தாற் பாதிக்கப்பட்டுத் தாமே நடக்கத் துன்புற்றவர். தம் நாட்டு நடைபாதையிலே தம்முடலுக்கு எது பொருந்தும் என்று அறிந்து செய்தவர். பற்றினால் நிற்கும் தடையும், களைத்தால் அமர இருக்கையும், பொருள் வைக்கக் கூடையும் அவ்வகை வண்டியிலே பின்னர் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று ஐரோப்பிய நகரங்களிலே முதியோரைத் தெருவுக்குக் கொண்டு வந்த கருவி அதுவே என்றால் மிகையாகாது. அதற்கு மறு ஆண்டிலே, 1979இல், அதே சுவீடனின் நிதியுதவியுடன் துரித மகாவலித் திட்டத்தின்கீழ்க் கொத்மலை அணை வேலை தொடங்கியது; 1985இலே முற்றுப்பெற்றது. பள்ளத்தாக்கின் வயல்களும் ஊர்களும் வழிபாட்டிடங்களும் நீரின்கீழ்ச் சென்றன. மலைச்சரிவின் லயங்கள் சரிவிலேயே இருந்தன. ஒரு நாடு தன் முதியோருக்கென நடைவண்டியைக் கண்ட அதே ஆண்டுகளிலே கொத்மலைக்கு வந்து சேர்ந்தது அணைக்கட்டு.

அந்நடைவண்டி கொத்மலைக்கு வந்திருந்தாலும் பயனில்லை என்பது உண்மையே. இறக்கத்திலே அது மனிதருக்கு முன்னே ஓடும். தடையை அழுத்தி அழுத்தி இறங்க விரல்களிலே வலு வேண்டும். படிகளிலோ அதனைத் தூக்கியே செல்லவேண்டும். நாம் கருதுவது வேறு. விபாக் தம் நிலத்தை அறிந்து தம் கருவியைச் செய்தார். நாம் செய்ய வேண்டியது அவருடைய கருவியை இறக்குமதி செய்வதன்று. அவருடைய முறையைக் கைக்கொள்வது.

ஆகவே எஞ்சுவது தனிக்கோல். இங்கேதான் பொருள் செறிந்திருக்கிறது. ஆனால் ஆராய்வோர் மிகக் குறைவு. கைத்தடிதானே, அதிலே ஆராய என்ன உண்டு என்ற அலட்சியம் படித்தவரிடமும் காணப்படுகிறது.

முதலில் எக்கையிலே பிடிப்பது என்பது. இடுப்பு நோகும் பக்கத்துக் கையிலேயே பலரும் கோலைப் பிடிக்கின்றனர். தமிழ்த் திரைப்படங்களில் வரும் முதியவரும் அவ்வாறே பிடிக்கின்றனர். அது தவறு. ஒற்றைக் காலிலே நிற்கும் போது உடலின் பாரம் அவ்விடுப்பு மூட்டின் உட்புறமாக இழுக்கிறது. வெளிப்புறத்துத் தசை அதற்கு ஈடாக இழுத்து உடலைச் சமன் செய்கிறது. துலாக்கோலின் குறுகிய புயம் தசையின் பக்கம். நீண்ட புயம் உடலின் பக்கம். ஆதலால் தசை மிகுந்த விசையுடன் இழுக்க நேர்கிறது. இரு இழுப்புகளும் சேர்ந்து மூட்டின்மேல் உடல் நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது. எதிர்ப்பக்கத்துக் கையிலே கோலிருந்தால் அது மிக நீண்ட புயத்தின் நுனியிலே தாங்குகிறது. சிறிதளவு ஊன்றினும் மூட்டின் பாரம் பெரிதும் குறைகிறது. அமெரிக்க எலும்பு வைத்தியர் வோல்ற்றர் பிளவுண்ற் 1956இலே கைத்தடியை எறிந்துவிடாதீர் என்று பொருள்படும் தலைப்பிலே எழுதிய கட்டுரை இதனைத் தெளிவாக நிறுவியது. படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் காலும் கோலும் முன்னே என்பதும் இதன் தொடர்பான விதி. இவ்வளவையும் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். கோலை வழங்கும் விழாவிலே புகைப்படத்துக்குச் செலவாகும் நேரம் அதனிலும் கூடுதல்.

அடுத்தது நீளம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கோலின் பிடி வரவேண்டும் என்பர். முழங்கை சற்று மடிந்திருக்கும். ஊன்ற வலுக் கிடைக்கும். சமதரைக்கு இது மிகச் சரியான விதி. சரிவிலோ விதி உடைகிறது. இறங்கும்போது கோல் கீழ்ப்படியிலே முதலில் ஊன்றப்பட வேண்டும். படி ஓரடித் தாழ்வாயின் கோல் ஓரடி நீளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கோலின் நுனி நிலத்தைத் தொடும்வரை உடல் முன்னே குனியவேண்டும். அதாவது, விழுவதைத் தடுக்க வந்த கருவி உடலை விழும் திசையிலேயே வளைக்கிறது. ஏறும்போது நிலைமை மறுதலை. கோல் குறுகியிருத்தல் வேண்டும். ஒரே நீளமுடைய வளைபிடிக் கைத்தடி கொத்மலையிலே எப்போதும் ஏதோவொரு திசைக்குப் பிழையானது. பொத்தானை அழுத்தி நீட்டிக் குறுக்கும் அலுமினியத் தடி இன்று கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு படிவரிசையிலும் நின்று பொத்தானை அழுத்துவோர் யார்?

எம் அப்பாயியின் கொய்யாக்கம்பு தோளுயரமானது என்று முன்னர் குறித்தோம். அது தற்செயலன்று. இறங்கும்போது அவர் கை கம்பின் உச்சியைப் பற்றும். ஏறும்போது நடுவுக்கு வழுகி இறங்கும். நீளத்தை மாற்றுவது பொத்தானன்று, உள்ளங்கை. கழிப்பறையிலே குந்தி எழும்போது இரு கைகளாலும் கம்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றி மேலேறி எழுவார். இடுப்பளவுக் கைத்தடியால் இது இயலாது. குந்தியெழும் வழக்கமில்லாத நாடுகளிலே அமைந்த அளவுகளை நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். 1999இலே வெளியான ஓர் ஆய்வு, 25 பாகைச் சரிவிலே இறங்குவோர் இரு நெடுங்கோல்களை ஊன்றினால் முழங்கால் மூட்டின் பாரம் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என அளந்து காட்டியது. அவ்வாய்விலே நடந்தவர்கள் உடலுறுதியுள்ள மலையேறிகள் என்பதையும் மறைத்தலாகாது. எனினும் இறக்கமே முழங்காலுக்குப் பகை என்பதற்குத் தோட்டத்து முதியோர் யாவரும் சாட்சி.

நேபாளத்து மலைப்பாதைகளிலே சுமை தூக்குவோர் தோக்மா என்னும் குறுங்கோலைக் கொண்டு செல்வர். அதன் தலை குறுக்குக் கட்டையாக அமைந்திருக்கும். ஏறுகையிலே ஊன்றுவதற்கும், களைத்த இடத்திலே பாரத்தைக் கீழே இறக்காமல் அதன்மேல் தாங்க வைத்து நின்றபடியே இளைப்பாறுவதற்கும் அது உதவும். நிலத்தையும் தொழிலையும் ஒருசேர அறிந்த ஒரு மக்கட்கூட்டம் கண்ட வடிவம் அது. நம் மலையகத்திலும் அத்தகைய அறிவு இல்லாமலில்லை. அதை அறிவென்று ஏற்கும் கண்தான் இல்லை.

அக்கண் ஏன் இல்லாது போயிற்று என்பதற்கு இலக்கியத்திலும் விடை தேடவேண்டும். புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பூண் கட்டிய தலையையுடைய சீரிய தண்டு என்று அவர் பாடிய தொடரே அவருக்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். இளமையிலே நீர்த்துறையில் மருத மரத்தேறிக் குதித்து ஆழ்மணலை அள்ளி வந்ததை நினைந்து, இன்று தண்டூன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் நிலைக்கு இரங்குகிறார். நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரத்திலே (14) தளர்ந்து தலைநடுங்கித் தண்டூன்றும் ஒரு மூதாட்டி வருகிறாள். அவள் கையிலுள்ள கோல் முன்பு அவளுடைய தாயின் கையில் இருந்த கோல். இவ்விரு பாடல்களையும் நிலையாமைக்குச் சான்றாகவே கற்பித்து வந்துள்ளோம். கோல் என்றால் தளர்ச்சி. தளர்ச்சி என்றால் இரக்கம். இவ்வாசிப்புப் பிழையென்று கூறவில்லை, குறையுடையது என்கிறோம். தண்டின் தலைக்குப் பூண் கட்டியவன் ஒரு கைவினைஞன். மரம் பிளவாதிருக்கப் பூண் இட வேண்டும் என்று அவன் அறிந்திருந்தான். அத்தண்டைப் புலவர் விழுமியது என்றார், இழிந்தது என்னவில்லை. தாயின் கோல் மகளுக்கு வந்ததும் துயரம் மட்டுமன்று. ஒரே முற்றத்திலே, ஒரே துறையிலே ஒரு தலைமுறை நடந்து தேர்ந்த கருவி அது. வள்ளுவர் நிலத்தோடு சேர்த்த கோலை நாம் வயதோடு மட்டுமே சேர்த்துப் படித்துவிட்டோம்.

இதன் விளைவு வாழ்விலே தெரிகிறது. கோலெடுத்தால் கிழமாகிவிட்டோம் என்ற கூச்சம் முதியோரை வாட்டுகிறது. தோட்டங்களிலே இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அங்கே கையிலே கோலோடு நின்றவர் அதிகாரமுடையவர். கங்காணியின் பிரம்பு பழைய தலைமுறையின் நினைவிலே இன்னும் மறையவில்லை. உழைப்பவர் கையிலே இருக்கத்தக்கது கத்தியும் மண்வெட்டியும் மட்டக்கம்புமே. ஆண்கள் பலர் இதற்கு ஒரு தந்திரம் கண்டுள்ளனர். மழையோ வெயிலோ எந்நாளும் குடையோடு செல்வர். குடையை ஊன்றுவது முதுமையின் அடையாளம் ஆகாது. பெரிய மனிதத் தோரணையும் சிறிது கிட்டும். ஆனால் குடையின் இரும்பு நுனி பாசிபடர்ந்த சீமெந்திலே வழுகும். அதன் தண்டு மனித பாரத்துக்கு வளையும். மழை பெய்து குடையை விரிக்க நேரும் கணத்திலே, நிலம் மிக வழுக்கும் அக்கணத்திலே, ஊன்றுகோல் தலைக்கு மேலே சென்றுவிடும்! இதைவிட மோசமான நடைத்துணையைக் கற்பனை செய்வது கடினம். எனினும் அது கூச்சம் தராதது; ஆகவே கையிலிருக்கிறது. எவ்வளவு செம்மையான கருவியாயினும் மனிதர் மறுத்தால் அது கோழிக்கூடைக்குக் கூரையாகும் என்பதை அமைப்பாளர் கருதவேண்டும்.

அங்ஙனமாயின் கொத்மலைக்கு ஏற்ற கோல் எவ்வாறிருக்கும்? அது தோளுயர நெடுங்கோல். மூங்கில் இதற்கு மிகப் பொருத்தம். பாரமற்றது, ஓயாக்கரையிலே வளர்வது. அதன் கணுக்கள் வழுகி இறங்கும் கைக்கு இயல்பான தடைகளாகும். நெடுங்கோலுக்கு ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. செங்குத்தான தண்டைப் பற்றும் கை உராய்வினாலேயே பாரத்தைத் தாங்கவேண்டும். கிடைப்பிடியிலே உள்ளங்கை முழுதும் அழுந்துவது போன்ற வலு இதிலே இல்லை. விரல் மூட்டுகள் வீங்கியவர்க்கு இது துன்பமே. இடுப்புயரத்திலே பக்கவாட்டாக ஒரு சிறு கிடைப்பிடியைப் பொருத்தினால் சமதரையிலே அதையும் சரிவிலே தண்டையும் பற்றலாம். உச்சியிலே மணிக்கட்டு வளையமாக ஒரு துணிப்பட்டி வேண்டும். குடத்தைத் தூக்கும்போது கோல் கையிலே தொங்கும், குனிந்து எடுக்க வேண்டியதில்லை.

அடிப்பகுதியே எல்லாவற்றிலும் முக்கியமானது. எல்லாவற்றிலும் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. கடைத் தடியின் றப்பர்க் குமிழ் சீமெந்துக்கு நல்லது. களிமண் ஒட்டினால் அதன் வரிப்பள்ளங்கள் அடைபட்டு வழுகும். இரும்பு முனை மண்ணிலே இறங்கிப் பிடிக்கும், சீமெந்திலே வழுகும். குறுக்கிலோ ஐந்தடிக்கொருமுறை மண்ணும் சீமெந்தும் மாறி மாறி வரும். பழைய டயரிலிருந்து வெட்டிய தடித்த றப்பர் வளையமும், அதன் நடுவே சிறிது உள்ளொடுங்கி நிற்கும் இரும்பு முனையும் இருந்தால், வன்தரையிலே வளையம் தொடும். மென்மண்ணிலே வளையம் அமிழ முனை இறங்கும். மூங்கிலடி பிளவாதிருக்க ஓர் இரும்புப் பூண். இதற்குத் தொழிற்சாலை வேண்டியதில்லை. செருப்புத் தைப்பவரும் கொல்லரும் ஒரு நாளிலே செய்யலாம். ஆனால் றப்பர் தேயும். சில மாதத்துக்கொருமுறை மாற்றித் தர ஒருவர் வேண்டும். வழங்கிய கோல்களின் தொகையை அறிக்கையிலே எழுதும் அமைப்புகள் மாற்றிய குமிழ்களின் தொகையை எழுதுவதில்லை. தேய்ந்த குமிழோடு கூடிய கோல், கோலின்மையிலும் ஆபத்தானது. ஏனெனில் அது நம்பிக்கையைத் தந்து ஏமாற்றுகிறது.

இத்துடன் அமையலாகாது. நடைத்துணை என்பது கையிலே இருக்கும் பொருள் மட்டுமே என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. படிவரிசையின் ஓரத்திலே நட்ட ஒரு கைப்பிடிக் குழாயும் நடைத்துணையே. அது தேய்வதில்லை, தொலைவதில்லை, கூச்சம் தருவதில்லை. கருவுற்ற பெண்ணுக்கும் கொழுந்து சுமப்பவருக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் ஒருங்கே உதவும். அங்கவீனர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1996இலே நிறைவேறியது. 2006இலே அணுகல் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வெளியாயின. அவை பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் கருதியவை. லயத்துக்கும் பீலிக்கும் இடையேயுள்ள குறுக்கு எவருடையது? தோட்ட நிர்வாகம் அதனை உற்பத்திப் பாதையாகக் கருதுவதில்லை. பிரதேச சபை அதனைத் தெருவாகக் கருதுவதில்லை. அங்கே வாழ்வோர்க்கோ நிலம் சொந்தமில்லை. நிலத்துக்கு உடைமையாளர் யார் என்ற வினா, ஒரு மூதாட்டி எவ்வாறு குளிக்கச் செல்வார் என்ற வினாவுக்குள்ளே புகுந்து நிற்கிறது. மலையக வீட்டுரிமை பற்றிப் பேசுவோர் வீட்டின் சுவரோடு பேச்சை நிறுத்திக்கொள்வதும் இவ்வகையிலே குறைபாடே.

சமதரைக்குக் குடிபெயர்ப்பதே தீர்வு என்று கூறுவோரும் உளர். தனிவீட்டுத் திட்டங்களும் சரிவுகளிலேயே எழுகின்றன என்பதை அவர்கள் காணவேண்டும். எவ்வாறாயினும் இன்று எழுபதைத் தாண்டியவர் எத்திட்டத்துக்கும் காத்திருக்க இயலாது.

சென்ற முறை தோட்டத்துக்குப் போனபோது எம் அப்பாயிக்காக மூங்கிற் கோலொன்றை, மேலே விவரித்தவாறு அடி கட்டி, எடுத்துச் சென்றோம். கையிலே வாங்கி இரண்டு மூன்று இடத்திலே ஊன்றிப் பார்த்தார். பாரமில்லை என்றார், துணிப்பட்டி நல்லது என்றார், பக்கப்பிடி சேலையிலே மாட்டும் என்று குறை கூறினார். அது சரியான குறையே. பிடியின் நுனியை உட்புறமாக வளைத்திருக்க வேண்டும். பின்னர் பீலிக்கு இறங்கும் படிகளைக் காட்டினார். பதினேழு படிகள். "நீ கம்பு குடுத்தது சரிதான் ராசா. அந்த ஒம்பதாவது படியிலருந்து கீழ வரைக்கும் ஒரு பைப்பு நட்டுக் குடுத்தீங்கன்னா நானும் பணிய லயத்துப் பொன்னம்மாளும் ஒண்ணாவே எறங்குவோம்" என்றார். ஒன்பதாம் படிக்குக் கீழேதான் நீர் கசிந்து எந்நாளும் பாசி படர்ந்திருக்கிறது. மறுநாள் நாடாவைப் பிடித்து அளந்தோம். பன்னிரண்டடிக் குழாயும் நான்கு தூண்களும் போதும்.